நாடாவுக்கு மேலே

அவரைப் பார்த்து “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். நாமெல்லாம் “இருக்கேன்பா” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். அவர் அப்படியில்லை. பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே ஆரம்பிப்பார். ராத்திரி தூக்கம் எப்போது கலைந்தது, இடது முட்டி எந்தப் படியில் பிடித்துக்கொண்டது, மருமகள் போனில் எந்தக் குரலில் பேசினாள், எல்லாம் வரும். புலம்பல் இருக்காது. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். கேட்காவிட்டால் அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழாது. பக்கத்தில் கரண்டு கம்பம் நிற்கிற மாதிரி நிற்பார்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருந்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருக்கும். அதில் அவர் முகம் துடைத்து நான் பார்த்ததே இல்லை. வியர்வைக்கு வேறு ஒன்று, பேண்ட் பையில். ஊர் முழுக்க அவருக்கு ‘அம்பயர் சார்’ என்றுதான் பெயர்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்வதற்கு முன்னால் நான் யாரென்று சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். இன்றைக்குக் கிழக்குத் தாம்பரத்தில் டைல்ஸ் கடை. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் புதிதாகக் கட்டின அப்பார்ட்மென்ட் எதிலாவது செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள், நான் விற்ற தரையாக இருக்கும். காட்டாங்குளத்தூரில் படித்த என்ஜினியர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் விஷயத்தில் உண்மையைச் சொன்னாலே பெருமை மாதிரி கேட்கிறது, நான் என்ன செய்ய?

நான் வாய் ஓயாதவன், அவர் வாய் திறக்காதவர். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று என் மனைவிக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

ஒரு சமயம் பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கினேன். பத்திரம் முடிந்த அன்றைக்கே அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினேன். “சார், பாருங்க. கார்னர் பிளாட்டு. காத்து எப்படி வருது பாருங்க. அடுத்த வருஷம் குடோன் கட்டுறேன்” என்று ஒரு மணி நேரம் பேசினேன். அவர் செருப்பு நுனியால் மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். ஐப்பசியில் மழை பிடித்தது. என் கார்னர் பிளாட்டில் இடுப்பளவு தண்ணீர். நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

“இன்னா சார், அங்க தண்ணி நிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். ரயில்ல போறப்போ வருஷா வருஷம் பார்ப்பேன்.”

“அப்ப அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க கேட்கலையே. வாங்கிட்டேன்னு சொன்னீங்க, காத்து வருதுன்னு சொன்னீங்க. கேள்வியே வரலையே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கப்புறம் நான் எந்த மனை வாங்கினாலும் முதலில் அவரிடம்தான் கேட்பேன். அந்த வகையில் எனக்கு அவரால் லாபம்தான்.

எல்லோருக்கும் அப்படி இல்லை. அடுத்த தெருவில் ஒரு பையனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் விசாரிக்க வந்த இடத்தில் இவர் மாட்டினார். “பையன் குடிப்பாரா சார்?” என்று கேட்டார்கள். “குடிப்பார்” என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் முறிந்தது. பையனுடைய அம்மா இவர் வீட்டு கேட் முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்தப் பையன் படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கடைசி வரை பார்த்துக்கொண்டவன். “அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே சார்?” என்றேன்.

“அதை அவங்க கேட்கலை.”

அன்றைக்கு முதல் முறையாக எனக்கு அவர் மேல் ஒரு பயம் வந்தது. இந்த மனிதரிடம் தவறான கேள்வியைக் கேட்டாலும் ஆபத்து, சரியான கேள்வியைக் கேட்காமல் விட்டாலும் ஆபத்து.

அவரிடம் தெரியாத்தனமாக நான் கேட்ட இன்னொரு கேள்விதான் ஊரையே மாற்றியது. கடைப் பையன்கள் டிவியில் ஏதோ ஃபுட்பால் ஃபைனல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இந்தக் கப்பு ஃபைனல்லாம் எப்ப சார் ஆரம்பிச்சுது?” என்று சும்மா கேட்டு வைத்தேன். மத்தியானம் முழுக்க எனக்கு வியாபாரம் போச்சு.

விக்டோரியா ராணி காலமாம். லண்டனில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் முதல் கோப்பைக்கு இறுதி ஆட்டம். கோல் கம்பத்துக்கு மேலே குறுக்குக் கட்டை கிடையாது, வெறும் நாடா. வலை கிடையாது. ஒரு கோல் விழுந்தால் உடனே இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொள்ளும். உள்ளே ஓடிக்கொண்டு விசில் ஊதுகிற ரெஃப்ரி கிடையாது. ஆளுக்கு ஒரு அம்பயரை அந்தந்த அணியே கூட்டிக்கொண்டு வரும். அந்த அம்பயர் கண்ணெதிரே கொலை நடந்தாலும் தானாக வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவன் கேட்டால்தான் தீர்ப்பு.

“கேட்டாத்தான் சொல்லணும்” என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தனக்கென்றே யாரோ ஒரு சட்டம் எழுதி வைத்த மாதிரி. “ஒரு பக்கம் பட்டாளத்து என்ஜினியருங்க. அவங்கதான் ஜெயிப்பாங்கன்னு ஊரே சொல்லுச்சு. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அதுல ஒரு ஆபீசருக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு உடைஞ்சு போச்சு. மாத்து ஆள் இறக்குற வழக்கமே கிடையாது. அந்த மனுஷன் வெளிய வரலை. கடைசி வரைக்கும் நின்னார்.” டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி சொன்னார்.

எங்கள் கடைப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பந்தாடுவார்கள். பல்லாவரத்துப் பையன்கள் வந்து மோதுவார்கள். ஒரு பொங்கல் லீவில் வேடிக்கைக்காக இந்த ராணி காலத்துச் சட்டப்படி ஆடிப் பார்த்தோம். ஊர் சிரித்தது. அடுத்த வருஷம் சிரிக்க இன்னும் நாலு மடங்கு கூட்டம் வந்தது. மேடவாக்கத்திலிருந்தெல்லாம் டீம் சேர்ந்துகொண்டது. சட்டம் அவருடையது, கோப்பை என்னுடையது. வெள்ளிப் பூச்சு, முழங்கை உயரம், நானே ஆர்டர் கொடுத்துச் செய்தேன். பந்தல் என் செலவு, பிரியாணி என் செலவு. மைதானத்தில் எல்லோருக்கும் நான் ‘ஓனர்’, அவருக்கும்கூட.

முதல் வருஷம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதால் யார் கேட்டார்கள் என்றே தெரியவில்லை. அதனால் அவர் ஒரு திருத்தம் போட்டார். கேப்டன் மட்டும் கேட்கலாம். கையை மேலே தூக்கி ‘எப்படி?’ என்று கேட்க வேண்டும். கோல் விழுந்தால், பந்தை மறுபடி நடுவில் வைப்பதற்குள் கேட்க வேண்டும். ஆட்சேபம் சரி என்றால் அம்பயர் வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுவார். சரியில்லை என்றால் அது பையிலேயே இருக்கும்.

அவர் எங்கள் அணியின் அம்பயர். நான் கூட்டிக்கொண்டு வந்த ஆள். அதனால் எங்களுக்கு ஒரு நயா பைசா பிரயோஜனம் கிடையாது. இரண்டு முறை ஃபைனலுக்குப் போனோம், இரண்டு முறையும் அந்தக் கைக்குட்டை எங்களுக்கு எதிராக மேலே போனது. கோப்பை கொடுத்தவன் நான், கோப்பை போகிற இடம் பல்லாவரம். மார்க்கெட்டில் பழைய சிநேகிதர்கள், “இன்னா ஓனரு, கப்பு வாங்கிக் குடுக்கிறது மட்டும்தான் உன் வேலையா?” என்று கேட்டுக் கிண்டலடித்தார்கள்.

மூன்றாவது முறை ஃபைனலுக்கு வந்தபோது நான் முடிவு செய்துவிட்டேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரைக் குடைந்து கண்ணாடிப் பெட்டி அடித்தேன். உள்ளே கறுப்பு கிரானைட் பீடம், மேலே மூன்று லைட். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே லைட்டைப் போட்டுவிட்டேன். வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும், “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாரு” என்று சொல்லிவிட்டேன். அவரையும் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சார், பெட்டி ரெடி. இந்த வாட்டி கப்பு இங்க வரணும். வரலைன்னா வெச்சுக்குங்க, அடுத்த வருஷம் கப்பு கிடையாது, பந்தல் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உங்க ராணி காலத்து ஆட்டம் இதோட குளோஸ்.”

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் உறைத்தது, நான் கேள்வியே கேட்கவில்லை.

“புரியுதா சார்?”

“புரியுது.”

அவ்வளவுதான். போய்விட்டார். அவருக்கு மனைவி போய் வெகு நாளாயிற்று, மகன் வெளியூர். வருஷம் முழுக்க அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் அந்தக் கைக்குட்டைக்குக் கஞ்சி போட்டு வைப்பார் என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துதான் சொன்னேன். வியாபாரத்தில் யாருக்கு எது வேண்டும் என்று தெரியாதவன் மூட்டை தூக்கிக்கொண்டே இருப்பான்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல். அங்கேதான் ஆட்டம். அம்பயர்களுக்கு ஆளுக்குப் பாதி மைதானம். எங்கள் கேப்டன் என் மகன் பிரபு. டாஸ் ஜெயித்தால் அம்பயர் சார் நிற்கிற பக்கம் கோல் போடுகிற மாதிரி எடு என்று சொல்லி அனுப்பினேன். ஜெயித்தான், எடுத்தான். எல்லாம் என் கணக்குப்படி.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே பல்லாவரம் கேப்டன் டேவிட்டும் எங்கள் பையன் ஒருவனும் பந்துக்கு எகிறி மோதிக்கொண்டார்கள். டேவிட் தோள்பட்டை தரையில் பட விழுந்தான். பச்சை மட்டை முறிகிற சத்தம். எழுந்தபோது வலது தோள் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆட்டோ கூப்புடுங்கப்பா! ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க!” என்று கூட்டம் கத்தியது.

டேவிட் அம்பயர் சாரைப் பார்த்தான். “சார், நான் போனா மாத்து ஆள் உண்டா?”

“கிடையாது.”

“அப்ப ஒரு துண்டு குடுங்கடா” என்றான்.

கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினான். ஓட முடியவில்லை. தங்கள் கோல் கம்பத்தின் பக்கத்திலேயே நின்று, இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி, தன் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தான். நான் அம்பயர் சாரைப் பார்த்தேன். அவருடைய உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் புத்தகத்தில் படித்த அந்த லண்டன் ஆபீசர் நேரில் வந்து நிற்கிறான்.

அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், பக்கம் மாறினோம். நாங்கள் ஒரு கோல் போட்டோம், மறுபடி மாறினோம். வெயில் இறங்கிவிட்டது. ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பி நாடா படபடவென்று அடித்துக்கொண்டது. முடிய இன்னும் சில நிமிஷம்தான். பிரபு வலது பக்கத்திலிருந்து அடித்த பந்து கோல்கீப்பர் கைக்குச் சிக்காமல் இரண்டு கம்பத்துக்கும் நடுவே பறந்து, பின்னால் இருந்த கருவேலம் புதருக்குள் போய் விழுந்தது.

மைதானமே எழுந்து ஆடியது. நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். பந்து நாடாவுக்குக் கீழே போனதா மேலே போனதா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. கோல்கீப்பர் குப்புறக் கிடந்தான், அவனுக்கும் தெரியவில்லை. அம்பயர் சார் கம்பத்துக்கு நேராக நின்றிருந்தார். கைகள் பின்னால் கட்டியிருந்தன. முகத்தில் ஒன்றுமே இல்லை.

எங்கள் பையன் ஒருவன் முள்ளுக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓடினான். பந்து நடுவில் உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் கேள்வி கிடையாது. கோப்பை என் பெட்டிக்குள்.

“அம்பயர் சார், எப்படி?”

டேவிட். கம்பத்தில் சாய்ந்துகொண்டு கேட்டான். குரல் வந்தது, கை எழவில்லை.

நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டேன். “கை தூக்கலை! கேட்டது செல்லாது! சட்டம் சட்டம்தான்! டேய், பந்தைக் கொண்டுபோய் வைடா!”

“இன்னா ஓனரே, மனசாட்சி கீதா உனக்கு? அவன் கையே போயிடுச்சு” என்று பல்லாவரத்து ஆள் ஒருவர் கத்தினார்.

அம்பயர் சார் டேவிட்டைப் பார்த்தார். “கை தூக்கிக் கேளு, டேவிட்” என்றார். அந்தக் குரலில் இரக்கம் இருந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பச்சைக் கொடி காட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

டேவிட் வலது கையைத் தாங்கியிருந்த இடது கையை மெதுவாக எடுத்தான். துண்டு இறங்கி, தோள் இறங்கியது. இடது கை மார்புக்கு மேலே எழவில்லை. அவ்வளவுதான், முகம் வெளுத்து அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டான். பந்து வைத்திருந்தவன் நடுக்கோட்டுக்குப் பத்தடி தூரத்தில் தயங்கி நின்றான். “வைடா!” என்று நான் கத்தினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் கேப்டனைப் பார்த்தான்.

பிரபு என்னை ஒரு தரம் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் டேவிட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று வலது கையை உயரத் தூக்கினான்.

“சார், நானும் கேப்டன்தான். அவன் கேட்டதை நான் கேட்கிறேன். எப்படி?”

அம்பயர் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். உதறினார். தலைக்கு மேலே தூக்கினார்.

“நாடாவுக்கு மேலே. கோல் இல்லை.”

அதற்கப்புறம் நடந்தது இன்னும் கேவலம். எங்கள் பையன்கள் அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு கத்த, நானும் நடுவில் நின்று கத்த, பல்லாவரத்துப் பையன்கள் அமைதியாகப் பந்தை வாங்கி வைத்து, நீளமாக உதைத்து, மறு பக்கம் காலியாகக் கிடந்த எங்கள் கோலுக்குள் அடித்துவிட்டார்கள். யாரும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்தது.

டேவிட்டை என் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், மடியில் என் கோப்பையோடு. நான் பந்தலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பிரியாணி அண்டாவைக்கூட யாரும் என் பக்கம் கொண்டுவரவில்லை. பிரபு தூரத்திலேயே நின்றான். அப்போது அம்பயர் சார் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ‘குளோஸ்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“லண்டன்ல அந்தக் கோப்பைப் போட்டியை ஏற்படுத்தினவரே ஒரு டீமுக்குக் கேப்டன். ஃபைனல்ல அவர் ஒரு கோல் போட்டார். அதுக்கு முன்னாடி அவர் டீம்காரன் கை பந்துல பட்டுடுச்சு. எதிர் டீம் கேட்டாங்க. கோல் இல்லைன்னுட்டாங்க. கோப்பையைக் கொண்டுவந்தவரோட கோலே செல்லலை. ஓனர், நானும் இத்தனை வருஷமா பார்த்துட்டே இருந்தேன். இன்னைக்குத்தான் நம்மளது நிஜமான ஃபைனல் ஆச்சு.”

கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

“அந்த ஆளு இன்னா பண்ணான்?”

“ஒண்ணும் பண்ணலை. ஆடினார்.”

“ஜெயிச்சானா?”

“ஜெயிச்சார். அதனால அவருக்கு அது சுலபம்.”

“இதை ஏன் சார் இவ்ளோ நாளா என்கிட்ட சொல்லலை?”

“நீங்க கேட்கலையே.”

“இப்ப மட்டும் நான் கேட்டேனா?”

அவர் கைக்குட்டையை முழங்காலில் வைத்து நாலாக மடித்தார். ஓரம் ஓரத்தோடு சேர்கிறதா என்று பார்த்தார்.

“இல்லை” என்றார்.

அடுத்த வருஷமும் கோப்பை இருந்தது, பந்தல் இருந்தது. பிரியாணியை மட்டும் மட்டனாக்கினேன். மூன்று வருஷம் கழித்து ஒரு மாசியில் அவர் போய்விட்டார். வயிற்றில் வெகு நாளாக இருந்த கட்டியாம். தெருவில் யாருக்கும் தெரியாது. ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்க அவ்வளவு பேரும் பயந்து ஒதுங்கிப் போனோமே, அவரிடம் கேட்டது யார்? டேவிட் வந்திருந்தான். சரியாகக் கூடாத தோளோடு, சவப்பெட்டியைத் தூக்குவதில் மற்றவர்களோடு அவனும் சேர்ந்துகொண்டான்.

நாங்கள் அப்புறம் ஜெயிக்காமல் இல்லை. ஒரு தரம் கோப்பை எங்களுக்கு வந்தது. அதை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கடையில் இருக்கிற கண்ணாடிப் பெட்டி மட்டும் காலி. கறுப்பு கிரானைட் பீடம், மூன்று லைட், நடுவில் ஒன்றும் கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் அந்த லைட்டைத்தான் போடுகிறேன்.

வருகிறவர்கள் பார்ப்பார்கள். “இன்னா சார், உள்ள ஒண்ணுமே இல்ல, லைட்டு மட்டும் எரியுது?” என்று யாராவது கேட்டால் டீ சொல்லி உட்கார வைத்துவிடுவேன். லண்டனில் ஒருத்தனுக்கு, தாம்பரத்தில் எனக்கு, உலகத்தில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கும் என்று ஆரம்பித்தால் அவர்கள் டைல்ஸையே மறந்துவிடுவார்கள்.

சில பேர் பில் போட்டுவிட்டு, பெட்டியை ஒரு தரம் பார்ப்பார்கள், என்னை ஒரு தரம் பார்ப்பார்கள், ஒன்றும் கேட்காமல் கிளம்பிவிடுவார்கள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கும். பிரபு கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். வாயை மூடிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்கள் படியிறங்கிப் போகிற வரைக்கும் நின்றிருப்பேன்.